ஜிப் போடாத ஜாக்கெட்

வணக்கம் நேயர்களே. என்னைய பேசக் கூப்பிட்ட தம்பி நான் ராக் மியூசிக் பத்தி பெருசா ஏதோ சொல்லப் போறேன்னு நெனச்சிட்டாரு போல. எனக்கு சுருதி, தாளம் ஒண்ணும் தெரியாது, நான் பெரியமேட்டுல இருபது வருஷமா லெதர் ஜாக்கெட் தைக்கிறவன், அவ்ளோதான். ஆனா கடைக்கு வர்ற பசங்க போன்ல ஒரு போட்டோவ நீட்டி "அண்ணே, இதே மாதிரி வேணும்"பாங்க பாருங்க, அதுல பாதி போட்டோ 1980கள்ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆட்டம் போட்ட கிளாம் மெட்டல்காரங்களோடது. முடி விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கும், கண்ணுல மை, உதட்டுல லிப்ஸ்டிக், கழுத்துல பொம்பளைங்க ஸ்கார்ஃப், இவ்வளவுக்கும் மேல கருப்பு மோட்டார் சைக்கிள் ஜாக்கெட். இந்த லிப்ஸ்டிக்கும் அந்த ஜாக்கெட்டும் எப்படி ஒரே உடம்புக்கு வந்து சேந்துச்சு? தையக்காரன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அத சொல்றேன்.

மொதல்ல ஜாக்கெட்ட பிரிச்சுப் போட்டுப் பாத்துருவோம். 1928ல நியூயார்க்ல இர்விங் ஷாட்ங்கிறவரு மோட்டார் சைக்கிள் ஓட்டுறவங்களுக்குன்னே ஒரு ஜாக்கெட் தைச்சாரு, லாங் ஐலண்ட்ல ஒரு ஹார்லி டேவிட்சன் டீலர் கடைல வெச்சு வித்தாங்க, விலை 5.50 டாலர். பேரு பெர்ஃபெக்டோ. ஏதோ பெரிய அர்த்தம்னு நெனக்காதீங்க, அவரு விரும்பிப் புடிச்ச சுருட்டோட பேரு அது, நம்ம ஊர்ல பொறந்திருந்தா பீடிக் கட்டப் பாத்து பேரு வெச்சிருப்பாரு.

அதுல ஜிப் நடுவுல இருக்காது, கோணலா ஒரு பக்கமா போகும். ஸ்டைலுக்குன்னுதான் எல்லாரும் நெனக்கிறாங்க. வண்டில டேங்க் மேல குனிஞ்சு உக்காந்து பாருங்க, நேர் ஜிப்பா இருந்தா வயித்துல மடிஞ்சு குத்தும், மேல வந்து தாடைய இடிக்கும். ஜிப்ப ஓரமா தள்ளிட்டா அந்தத் தொல்லை இல்ல, அதோட நெஞ்சு மேல ரெண்டு மடிப்பு தோல் வந்துருது, எதிர்காத்து உள்ள புகாது. காலர்ல டிச் பட்டன் எதுக்கு? வேகத்துல காலர் படபடன்னு அடிச்சு மூஞ்சில அறையாம இருக்க. மணிக்கட்டுல ஜிப் வெச்சா கையுறைக்குள்ள ஸ்லீவ் அடங்கும். முதுகுல தோள்பட்ட ஓரமா மடிப்பு விடுறது ஹாண்டில்பார புடிக்க கைய நீட்டினா தையல் விட்டுப் போகாம இருக்க. இடுப்பு பெல்ட் கீழருந்து ஏறுற காத்துக்கு. அதாவது அந்த ஜாக்கெட்ல ஒரு சாமான் கூட அழகுக்குன்னு வெச்சதில்ல.

இப்ப அதே போட்டோவ திரும்பப் பாருங்க, ஸ்டேஜ்ல நிக்கிற ஒருத்தனாவது ஜிப்ப போட்டிருக்கானா? அத்தன வேலைய பாத்து வெச்ச ஜிப் தொறந்தே கெடக்கும், உள்ள வெத்து நெஞ்சு.

இந்த மாத்தம் ஒரே நாள்ல நடக்கல. 1947 ஜூலைல கலிஃபோர்னியால ஹாலிஸ்டர்ங்கிற சின்ன ஊருக்கு மோட்டார் சைக்கிள்காரங்க ஆயிரக்கணக்குல வந்து குடிச்சிட்டு ரகள பண்ணாங்க, பத்திரிகைக்காரங்க அத ஊதிப் பெருசாக்கிட்டாங்க. அத வெச்சு 1953ல வந்த படத்துல மார்லன் பிராண்டோ அந்த மாதிரி ஜாக்கெட்ட போட்டு வந்தாரு. இங்கிலாந்துல 1967 வரைக்கும் அந்தப் படத்துக்கு சான்றிதழே குடுக்கல, அவ்வளவு பயம். அதுல அவரு ஓட்டுனது ஹார்லி இல்ல, இங்கிலாந்து வண்டியான ட்ரையம்ஃப், தன் ஊர் வண்டி ஓடுற படத்தையே தடுத்து வெச்சவங்கள என்ன சொல்றது. அன்னியிலருந்து ஜாக்கெட் காத்துக்குப் போடுறதா இல்லாம அடுத்தவன் பாக்கப் போடுறதா ஆயிருச்சு. வண்டி இல்லாதவனும் வாங்க ஆரம்பிச்சான், என் பொழப்பு கூட அங்கதான் ஆரம்பிக்குதுன்னு வெச்சுக்கோங்களேன்.

அடுத்து நான் ரொம்ப ரசிக்கிற ஒரு திருப்பம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு வந்த அமெரிக்காவுல தன்பாலீர்ப்பு ஆண்களும் மோட்டார் சைக்கிள் கிளப் வெச்சாங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல 1954லயே சேட்டர்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. லெதர் தொப்பி, லெதர் பேண்ட், ஆணி, சங்கிலின்னு ஒரு உடை அங்க தனியா வளந்துச்சு. 1970களோட கடைசில இங்கிலாந்து மெட்டல் பேண்ட் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டோட பாடகர் ராப் ஹால்ஃபர்ட் கிட்டத்தட்ட அதே உடுப்புல தலையிலருந்து கால் வரைக்கும் ஆணி அடிச்ச லெதர்ல வந்தாரு, சும்மா வரல, ஹார்லிய ஸ்டேஜ் மேலயே ஓட்டிட்டு வந்தாரு. 1991ல டொரன்டோல அப்படி ஓட்டிட்டு வர்றப்போ பாதி தூக்கி நின்ன டிரம் மேடைல போய் முட்டி விழுந்து அடிபட்டுச்சு, ஆனாலும் ஷோவ முடிச்சிட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. 1998ல டிவில வெளிப்படையா நான் தன்பாலீர்ப்பாளர்னு சொன்னாரு. அதுக்கு முன்னாடி இருபது வருஷமா உலகம் பூரா பசங்க அதத்தான் ஆம்பளத்தனத்தோட உச்சம்னு நெனச்சு ஆணி ஆணியா அடிச்சு மாட்டிக்கிட்டிருந்தாங்க. துணி தைக்கிறவனுக்கு இதவிட சந்தோஷமான கதை வேற என்ன வேணும்.

லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் ஸ்ட்ரிப்புக்கு வருவோம். விஸ்கி அ கோ கோ, ராக்ஸி, பக்கத்துல ரெயின்போன்னு ஒரு பார், எல்லாம் நடந்து போற தூரத்துல. 1981ல அங்க மோட்லி க்ரூங்கிற பேண்ட் ஆரம்பிக்குது. அவங்களுக்கு ரெண்டு பக்கமும் சொத்து இருந்துச்சு. ஒரு பக்கம் 1970களோட இங்கிலாந்து கிளாம், மார்க் போலன், ஸ்லேட், ஸ்வீட், அப்புறம் நியூயார்க் டால்ஸ், ஜிகினா, உயர ஹீல்ஸ், மேக்கப். இன்னொரு பக்கம் ப்ரீஸ்ட்டோட லெதரும் ஆணியும். ரெண்டையும் சேத்துத் தைச்சாங்க. ஏன் சேக்கணும்னு கேட்டா, என் கணிப்பு இதுதான்: தனியா லிப்ஸ்டிக் மட்டும் போட்டு வந்தா 1980கள் அமெரிக்காவுல ஹைஸ்கூல் பையன் சிரிச்சிருப்பான். மேல மோட்டார் சைக்கிள் ஜாக்கெட் இருந்தா சிரிக்க யோசிப்பான். கிராமத்துல எல்லைச்சாமி கையில அருவா இருக்கும், கழுத்துல பூமாலையும் இருக்கும், மாலைய பாத்து எவனாவது சிரிச்சிருக்கானா? அந்த மாதிரி ஜாக்கெட்தான் இவங்களுக்கு அருவா.

ஆரம்ப கால ஷோக்கள்ல க்ரூவோட பேஸ் கிட்டார்காரர் நிக்கி சிக்ஸோட கால்ல நெருப்ப பத்த வைக்கிறது அவங்க வித்தைல ஒண்ணு. மோட்டார் சைக்கிள் தோல் தன் சொந்த வேலைய, அதாவது உடம்ப காப்பாத்துற வேலைய, ஸ்டேஜ்ல பாத்த ஒரே எடம் அதுதான்னு நெனக்கிறேன்.

1983 மே 29ல சான் பெர்னார்டினோ பக்கம் டெவோர்ல அஸ் ஃபெஸ்டிவல்னு பெரிய திறந்தவெளி விழா, அதுல மெட்டல் நாள்ல ப்ரீஸ்ட், க்ரூ ரெண்டு பேரும் ஒரே மேடைல. கொளுத்துற பகல் வெயில்ல க்ரூ தோலும் ஆணியுமா வந்து நிக்கிறாங்க. பக்கத்துலயே ஃபான்டானா, ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்ங்கிற மோட்டார் சைக்கிள் கிளப் 1948ல பொறந்த வட்டாரம். நெசமான கும்பல் பொறந்த மண்ணுலயே அந்தக் கும்பலோட சட்டைய மாட்டிட்டு மை தீட்டுன பசங்க, லட்சக்கணக்குல கூட்டம், ஒரு ஆளும் வித்தியாசமா நெனக்கல.

கொஞ்ச நாள்ல தோல் மெலிய ஆரம்பிச்சுது. வண்டிக்குன்னு தைக்கிற ஜாக்கெட்டுக்கு 1.2ல இருந்து 1.4 மில்லிமீட்டர் தோல் வேணும், ஃபேஷனுக்கு 0.8 போதும், கைல புடிச்சாலே தெரியும், ஒண்ணு தகரம் மாதிரி நிக்கும், இன்னொண்ணு வேட்டி மாதிரி விழும். ஸ்டேஜ் லைட்டுல வேர்வை ஊறி காஞ்சா உப்பு பூத்து தோல் வெறைச்சுப் போகும், தெனம் ஷோன்னா எப்படி தொவைப்ப? அதான் ஸ்பான்டெக்ஸ் வந்துச்சு. 1958ல டூபான்ட் கம்பெனில ஜோசஃப் ஷிவர்ஸ்ங்கிற கெமிஸ்ட் கண்டுபுடிச்ச நூல், இழுத்தா நீளும், விட்டா சுருங்கும், அலசிப் போட்டா காலைல காஞ்சிரும். ஆனா அத போட்டுட்டு வண்டில போய் ரோட்டுல தேய்ச்சா உராயுற சூட்டுல உருகித் தோலோட ஒட்டிக்கும், பைக் ஓட்டுற தம்பிங்க இத காதுல வாங்கிக்கோங்க. 1985ல க்ரூவே லேஸ், ஸ்பான்டெக்ஸ்னு மாறிட்டாங்க, 1986ல பாய்சன் பேண்டோட மொத ஆல்பம் அட்டைல இருக்குற நாலு மூஞ்சியையும் பாத்தா பசங்களா பொண்ணுங்களான்னு ரெண்டாவது தடவ பாக்கணும்.

அப்போ அருவா எங்க போச்சு? அதத்தான் 1987ல திரும்பக் கொண்டாந்தாங்க. க்ரூவோட கேர்ள்ஸ் கேர்ள்ஸ் கேர்ள்ஸ் ஆல்பம் அட்டைல நாலு பேரும் ஹார்லியோட, தலைப்புப் பாட்டு எஞ்சின் உறுமுற சத்தத்தோட ஆரம்பிக்கும். சட்டை பத்தாதுன்னு வண்டியையே எடுத்துட்டு வந்துட்டாங்க. இதுல ஹார்லி கம்பெனி கதையும் கலந்திருக்கு. 1969லருந்து ஏஎம்எஃப்ங்கிற வேற கம்பெனி கைல இருந்து பேரு கெட்டுப் போன கம்பெனிய 1981ல 13 அதிகாரிங்க சேந்து திருப்பி வாங்கினாங்க, 1983ல ரீகன் அரசாங்கம் 700 சிசிக்கு மேல உள்ள வெளிநாட்டு வண்டிக்கு வரிய ஏத்துச்சு, அதே வருஷம் ஹார்லி வண்டி வெச்சிருக்கிறவங்களுக்குன்னு கம்பெனியே கிளப் ஆரம்பிச்சுது, 1986ல பங்குச் சந்தைக்குப் போச்சு. அதாவது ரௌடி வண்டிய டாக்டரும் வக்கீலும் வாங்க ஆரம்பிச்ச அதே வருஷங்கள்லதான், லிப்ஸ்டிக் போட்ட பசங்களும் அதுல ஏறி உக்காந்தாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் வேண்டியது ஒண்ணுதான், ரௌடியாகாம ரௌடி மாதிரி தெரியணும்.

தலைல கட்டுற பந்தனாவையும் சொல்லிட்டு போறேன், கன்ஸ் அண்ட் ரோஸஸ் பேண்ட் பாடகர் ஆக்ஸல் ரோஸ் கட்டுவாரே அது. தூசிக்கும் வேர்வைக்கும் பைக் ஓட்டுறவங்க கட்டுனது, அந்த வார்த்தையே பாந்த்னூன்னு ஹிந்திலருந்து போனது, முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துற நம்ம நாட்டு வேலை.

கடைசியா முடி. அக்வா நெட்ங்கிற ஹேர் ஸ்ப்ரே அடிச்சு ஒரு அடிக்கு நிறுத்துன முடிய வெச்சுட்டு எப்படிடா வண்டி ஓட்டுனாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அப்புறம்தான் தெரிஞ்சுது, கலிஃபோர்னியால எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு சட்டம் வந்ததே 1992 ஜனவரி 1ல. அதே ஜனவரில, பத்து நாள் கழிச்சு, ஃபிளானல் சட்ட போட்டு தலகூட சீவாம வந்த நிர்வானா பேண்டோட ஆல்பம் அமெரிக்காவுல நம்பர் 1. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லைதான், ஆனா ஒரே மாசத்துல அந்த முடிய ரெண்டு பக்கமும் அமுக்கிட்டாங்க.

போன வாரம் கூட ஒரு காலேஜ் பையன் வந்தான், கோணல் ஜிப் ஜாக்கெட், தோள்ல 40 ஆணி. என்ன வண்டிப்பான்னு கேட்டேன், 29சி பஸ்ஸுண்ணேன்னான். மெல்லிசு தோல் போடட்டுமா, சென்னை வெயிலுக்கு நல்லதுன்னு சொன்னேன், வேணாம், தடிசுதான் வேணும்னு அடம். சரின்னு 1.2ல வெட்டி வெச்சிருக்கேன், மணிக்கட்டு ஜிப்பும் போட்டாச்சு, வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கான்.