நிலாவாரை வேலை செய்ய ஏன் விடியும்வரை ஆகிறது?

[காட்சி: மேசைமேல் வெந்நீர் டம்ளர், பொடி டப்பா]

இரவு ஒன்பது மணிக்கு, மலச்சிக்கலுக்காக நிலாவாரைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார் ஒருவர். பதினொரு மணிவரை வயிற்றில் ஒரு சலனமும் இல்லை. பொடி பழசாகிவிட்டது போலும் என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொள்கிறார். மறுநாள் காலை அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பொடியில் பழுதில்லை. பதினொரு மணிக்கு அது இன்னும் மருந்தாகவே மாறியிருக்கவில்லை.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு காய்ந்த இலை, மிக அருகில்]

இந்த இலையின் அடிப்பகுதியைப் பாருங்கள். நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் சமமாக இறங்காமல் லேசாகக் கோணியிருக்கிறது. நிலாவாரையை அடையாளம் காண உதவும் குறி இது. நிலவாகை என்றும் சொல்வார்கள். ஆவாரைக்கு நெருங்கிய சொந்தம். திருநெல்வேலிச் சீமையில் விளைந்து தூத்துக்குடியில் கப்பலேறியதால் உலகச் சந்தையில் இதற்கு ‘டின்னவெலி சென்னா’ என்றே பெயர். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு ஐரோப்பிய மருந்துக்கடைகளில் உட்கார்ந்திருக்கிறது.

[காட்சி: மூன்று வளையங்கள் கொண்ட மூலக்கூறு வரைபடம்]

இந்த இலையின் மருந்துப்பொருளுக்கு அடிப்படை ஆந்த்ராகுவினோன். அது மூன்று வளையங்கள் ஒட்டி நிற்கும் மூலக்கூறு. நடுவளையத்தில் எதிரெதிராக இரண்டு ஆக்சிஜன்கள். அதில் ஒன்று கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் அமர்ந்தால் அது ஆந்த்ரோன். இரண்டு ஆந்த்ரோன்கள் முதுகோடு முதுகு ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குளுக்கோஸ் தொங்கினால் சென்னோசைடு. இலை காயும்போதுதான் இந்த இரட்டை மூலக்கூறு பெரும்பாலும் உருவாகிறது. அதனால் காயவைப்பதில் கவனம் வேண்டும். சூடு ஏறினால் சரக்கு கெடும்.

அந்தக் குளுக்கோஸ்தான் கதையின் திருப்பம். அது ஒட்டியிருக்கும்வரை சென்னோசைடு இரத்தத்துக்குள் எளிதில் போகாது. வயிற்றைக் கடக்கிறது, சிறுகுடலைக் கடக்கிறது, ஒன்றும் ஆவதில்லை. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி நம் உடலில் இல்லை. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அவை குளுக்கோஸை வெட்டி, இரட்டையைப் பிரித்து, ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. மருந்து அதுதான். பெருங்குடலின் அசைவைத் தூண்டுகிறது. மலத்திலுள்ள நீரைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதையும் தடுக்கிறது. இத்தனையும் முடிய 6 முதல் 12 மணி நேரம். படுக்கப்போகும் முன் குடிக்கச் சொல்வது இதனால்தான். ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்களுக்கு, வெட்ட வேண்டிய பாக்டீரியாக்கள் குறைந்து, மருந்தும் மந்தமாகலாம்.

வேலை நடப்பது பெருங்குடலில் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த இலையைச் சேர்த்து விற்கும் ‘இளைக்கவைக்கும்’ மூலிகைத் தேநீரின் வண்டவாளம் தெரிந்துவிடும். சோறும் எண்ணெயும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்து உடலில் சேர்ந்துவிடுகின்றன. சென்னா விழித்துக்கொள்ளும்போது கொழுப்பு உள்ளே போய்ச் சேர்ந்து வெகுநேரம் ஆகியிருக்கும். எடை இயந்திரம் காட்டும் குறைவு நீரும் மலமும்தான். இரண்டு நாளில் திரும்பிவிடும்.

[காட்சி: சோதனைக்குழாயில் இளஞ்சிவப்பு படர்வது]

இலையில் ஆந்த்ராகுவினோன் வகைப் பொருள் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் செய்து பார்க்கும் போர்ன்ட்ரேகர் சோதனை இது. இலையை அமிலமும் ஃபெரிக் குளோரைடும் சேர்த்துக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஈதரில் பிரித்தெடுத்து, அம்மோனியா விட்டால் ரோஜா நிறம் படர்கிறது. சென்னா சாப்பிட்டவரின் சிறுநீர் சில சமயம் மஞ்சள்பழுப்பாகவோ சிவப்பாகவோ போவதும் இந்த வேதியியலால்தான். இரத்தம் என்று பயந்துவிட வேண்டாம். ஆனால் மருந்தை நிறுத்திய பிறகும் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதே குடும்பத்து வேதிப்பொருள் கற்றாழையிலும் இருக்கிறது. வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து வழியும் மஞ்சள் பால்தான் அது. உள்ளே உள்ள சோற்றில் அல்ல. கற்றாழைச் சோற்றை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்ன பாட்டிகளுக்கு அலோயின் என்ற பெயர் தெரியாது, அது செய்யும் வேலை தெரியும். வட அமெரிக்காவின் கஸ்காரா என்ற மரப்பட்டையும் இதே வகை. அதை ஓராண்டு வைத்திருந்துதான் பயன்படுத்துவார்கள். பச்சைப்பட்டையில் உள்ள தனி ஆந்த்ரோன்கள் வாந்தியையும் கடும் வயிற்றுவலியையும் கொண்டுவரும். பாதுகாப்புத் தரவுகள் போதவில்லை என்று 2002-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கற்றாழைப் பாலையும் கஸ்காராவையும் சீட்டில்லாமல் விற்கும் மலமிளக்கிகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. சென்னா அதில் சிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

அப்படியென்றால் தினமும் குடிக்கலாமா? கூடாது. ஐரோப்பிய மருந்து முகமையின் வழிகாட்டலில் நாளொன்றுக்கு உச்சம் 30 மில்லிகிராம்; இது பொடியின் எடையல்ல, அதிலுள்ள சென்னோசைடு வகைப் பொருளின் அளவு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். ஓரிரு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். 12 வயதுக்குக் கீழ் வேண்டாம். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். கரண்டிப் பொடியில் எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்?

மாதக்கணக்கில் குடிப்பவர்களின் பெருங்குடல் உள்சுவர் கருத்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் நிறுத்தினால் சில மாதங்களில் மறையும். நான் அதிகம் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத பொட்டாசிய இழப்புக்குத்தான். தொடர்ந்து பேதியானால் பொட்டாசியம் இறங்கும். இறங்கினால் குடல் தசை தளர்ந்து மலச்சிக்கல் கூடும். கூடியதும் இன்னொரு கரண்டி. இதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுகிறவருக்கும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் இது நாடித்துடிப்பையே குலைக்கக்கூடும். காரணம் தெரியாத வயிற்றுவலியோ வாந்தியோ இருந்தால் தொடவே கூடாது; குடல் அடைப்பாகவோ குடல்வால் அழற்சியாகவோ இருக்கலாம்.

[காட்சி: மூலிகைத் தேநீர்ப் பாக்கெட்டின் பின்புறம்]

பாக்கெட்டில் நிலாவாரை என்று எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. நிலவாகை, சோனாமுகி, ஸ்வர்ணபத்ரி, சென்னா: நான்கும் இதே இலைதான். இரவில் பொடி, காலையில் ‘டீடாக்ஸ்’ டீ என்று இரண்டையும் குடிப்பவர் ஒரே மருந்தை இரண்டு முறை குடிக்கிறார்.