அவள் ‘வேண்டாம்’ என்ற பிறகு

(தமிழ் மொழி மாதத்தையொட்டிச் சிங்கப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் நம் ஊரில் 2014இல் நிறைவேறியது. ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது அதன்படி குற்றம். முதல்முறை என்றாலும் 5,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எவையெல்லாம் அதில் அடங்கும் என்பதற்குச் சட்டமே உதாரணங்கள் தருகிறது. அவற்றில் ஒன்று, அனுப்பாதே என்று சொன்ன பிறகும் தினமும் பூ அனுப்புவது.

சிரிக்கிறீர்கள். நம் தமிழ்ப் படக் கதாநாயகர்களில் பாதிப் பேர் இங்கே வாழ்ந்திருந்தால் இடைவேளைக்கு முன்பே கைதாகியிருப்பார்கள்!

பஸ் நிறுத்தத்தில் காத்திருப்பான். கல்லூரி வாசலில் நிற்பான். தோழியிடம் கெஞ்சிக் கைப்பேசி எண்ணை வாங்குவான். அவள் முறைப்பாள். ‘முறைத்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்’ என்று உரையாசிரியர் போல நண்பன் பொருள் சொல்வான். அடுத்தது பாட்டு, வெளிநாட்டில்.

கதாநாயகிக்குத் தாவணியா, ஜீன்ஸா என்று பட்டிமன்றம் நடத்தி நாம் களைத்துவிட்டோம். உடையை விடுங்கள். அவள் வாய் திறந்து சொல்லும் சொல்லுக்குக் கதையில் மதிப்பே இல்லை என்பதுதான் என் புகார். அவள் மறுப்பதே அவனுடைய விடாமுயற்சியைக் காட்டத்தான். அதே விடாமுயற்சி பெண்ணுக்கு இருந்தால்? 1999இல் வந்த ‘படையப்பா’வின் நீலாம்பரியை நினைத்துப் பாருங்கள். தன்னை விரும்பாத ஒருவனை அவளும் விடாமல் விரும்பினாள். அவளுக்குக் கிடைத்த பெயர் வில்லி. (ரம்யா கிருஷ்ணன் நடித்த நடிப்பில் அவள்தான் இன்றும் நம் மனத்தில் நிற்கிறாள் என்பது வேறு கதை.)

‘மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்’ என்பார்கள் படம் எடுப்பவர்கள். நான் நம்பவில்லை. 1994இல் வந்த ‘மகளிர் மட்டும்’ அலுவலக மேலாளரின் பாலியல் தொல்லையைப் பேசிய படம்; அதையும் நகைச்சுவையாகவே பேசியது. துப்புரவுப் பணியாளர் உட்பட மூன்று பெண்கள் சேர்ந்து அவரைப் படுத்திய பாட்டை மக்கள் ரசிக்கத்தானே செய்தார்கள்? பெண்கள் படம் எடுப்பதும் புதிதல்ல. நடிகை டி.பி.ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கியது 1936இல்.

குறும்படம் எடுக்கும் தம்பி தங்கையர் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த முறை கதாநாயகி ‘வேண்டாம்’ என்றதும், கேமராவை அவனிடம் விட்டுவிடாமல் அவளோடு வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் அவள் வேறு பஸ்ஸில் ஏறுகிறாளா? அம்மாவிடம் சொல்கிறாளா, அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறாளா? போலீசில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அந்த வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தை எழுதுங்கள். பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.