பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் ‘எழுத்து’

வணக்கம். எனக்குப் பின்னால் இருக்கும் தகர டிரங்குப் பெட்டி தெரிகிறதா? பெரியப்பாவுடையது. நேற்றுதான் எங்கள் கும்பகோணத்து வீட்டுப் பரணிலிருந்து இறக்கினோம். ராமபாணப் பூச்சி இரண்டு கட்டுகளைச் சல்லடையாக்கிவிட்டது. மிச்சம் இவை, ‘எழுத்து’ இதழ்கள்.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் சென்னையில் தொடங்கிய பத்திரிகை. விமரிசனத்துக்கென்று வந்தது, போகப் போகப் புதுக்கவிதைக்கும் வீடாகிவிட்டது. 1970 வரை 119 இதழ்கள். முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ வந்தது. பிச்சமூர்த்தி எங்கள் ஊர்க்காரர், 1900-ல் இங்கே பிறந்தவர். அவரையும் கு.ப. ராஜகோபாலனையும் கும்பகோணம் இரட்டையர் என்றே சொல்வார்கள்.

சரி, இதழ்களைத் தேடினால் நூலகத்தில் கிடைத்துவிடும். நான் காட்ட வந்தது இந்தச் சின்னக் கட்டு. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன்.

இது தபாலில் இதழைச் சுற்றி வந்த காகிதப் பட்டை. ‘கும்பகோணம், தஞ்சாவூர் ஜில்லா’, அவ்வளவுதான் விலாசம். பின்கோடு கிடையாது, அது 1972-ல்தான் வந்தது. இந்த அஞ்சலட்டையில் விலை நயா பைசாவில் அச்சாகியிருக்கிறது. பைசாவை ‘நயா பைசா’ என்று சொன்னது 1957-லிருந்து 1964 வரைதான். அப்படியானால் அந்த வருடங்களில் அச்சான அட்டை. மன்னார்குடியிலிருந்து ஒரு சிநேகிதர் எழுதியிருக்கிறார்: உங்களுக்கு இந்த மாத இதழ் வந்துவிட்டதா, எனக்கு இன்னும் வரவில்லை. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஒரு கவிதைக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள்!

அப்புறம் இது, சந்தா கட்டிய மணியார்டரின் ஒப்புகைச் சீட்டு. அந்தக் காலத்து மணியார்டர் படிவத்தில் அனுப்புபவர் நாலு வரி எழுதும் துண்டு பணம் பெறுபவரிடம் போய்விடும். அவர் கையெழுத்துப் போட்ட இந்தத் துண்டு அனுப்பியவருக்குத் திரும்பி வரும். ஆக, வாசகர் எழுதியது ஆசிரியர் வீட்டில், ஆசிரியர் தரப்பிலிருந்து வந்தது வாசகர் வீட்டில். ஒரு சிறுபத்திரிகையின் பாதிக் காகிதங்கள் இப்படித் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் மாயவரத்திலும் பரண்களில் கிடக்கின்றன. நாம் எடுத்துக் கொடுக்காமல் எந்த ஆவணக் காப்பகத்துக்கும் அவை போய்ச் சேராது.

பெரியப்பா சில வருட இதழ்களை பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார். உறை, விளம்பரப் பக்கம், சந்தாச் சீட்டு எல்லாம் அங்கே கழிந்துவிட்டன. ஓரத்தை வெட்டியதில் அவர் பென்சிலில் எழுதிய குறிப்புகளும் பாதி போயின. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் பிரிக்காதீர்கள். எந்தக் காகிதம் எந்த இதழுக்குள் இருந்ததோ, முதலில் அப்படியே படம் எடுங்கள். இந்தத் தாள் மரக்கூழில் செய்தது, அமிலம் ஊறி ஓரம் நொறுங்கும். வெயிலில் காயப் போட்டால் இன்னும் கெடும். துருப்பிடித்த பின்னை இழுக்காமல் மெதுவாக நிமிர்த்தி எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அதன் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். இதோ, இந்தப் பக்கத்தில் நாலு வரி அப்படித்தான் போயிருக்கிறது.