வராத பெண்களும் வந்த பெண்களும்

நேயர்களுக்கு வணக்கம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். செவிலியராக நான் பார்த்ததை வைத்துப் பேசுகிறேன்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் இந்த நோய்க்கான பரிசோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட பத்துப் பேர். உடனே "விழிப்புணர்வு இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நோயின் பெயரைக் கேள்விப்பட்ட பெண்களும்தான் வராமல் இருக்கிறார்கள்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே சிஸ்டர்" என்பார்கள். வலி வந்தால் ஆஸ்பத்திரி என்று பழகிய நமக்கு, நல்லா இருக்கும்போதே போய்ப் படுப்பது வீண்வேலையாகத் தெரிகிறது. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள் சத்தமில்லாமல் வளர்வது. அறிகுறி தெரியும் முன்பே பார்ப்பதுதான் பரிசோதனை.

அப்புறம் கூச்சம். பிள்ளை பெற்ற இடத்தில் யாராவது அதட்டியிருந்தால் அந்த அவமானம் இருபது வருடம் கழித்தும் மறப்பதில்லை. பெயரைக் கூடத்தில் உரக்கக் கூப்பிடுவது, திரை இல்லாத கட்டில், "இதுக்கென்ன வெட்கம்" என்ற எரிச்சல், இவையெல்லாம் எங்கள் பக்கத்துத் தவறுகள். நாங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஆழமானது சந்தேகம் பற்றிய பயம். கணவரை இழந்தவர், கணவர் வெளிநாட்டில் இருப்பவர் வந்தால் "இவளுக்கு எதுக்கு இந்தச் சோதனை?" என்று ஊர் கேட்கும். நோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸ் உடலுறவு வழியாகப் பரவுவது என்று தெரிந்ததும் பயம் இரட்டிப்பாகிறது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மணவாழ்க்கை வாழ்ந்த பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி எப்போதாவது வந்துபோகிறது. பலருக்கு ஓரிரு ஆண்டில் தானாகவே மறையும், சிலருக்குத் தங்கிவிடும். ஒருவரோடு மட்டுமே வாழ்ந்தவருக்கும் வரலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. ஆண்களே, வீட்டில் இதை வைத்து ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிடாதீர்கள்.

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. வீடுவீடாகப் போய் அழைத்தார்கள், பயிற்சி பெற்ற செவிலியர்கள் பார்த்தார்கள். சுமார் 49,000 பேரை அழைத்ததில் 31,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்! ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே, பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால், இந்த நோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. மதித்துக் கூப்பிட்டால் நம் பெண்கள் வருகிறார்கள்.

சரி, உள்ளே என்னதான் செய்வார்கள்? பிறப்புறுப்பை ஒரு கருவியால் விரித்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம் வினிகரில் இருப்பதைத்தான், கர்ப்பப்பை வாயில் பஞ்சால் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். லேசாக எரியலாம், அவ்வளவுதான். வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேலும் பார்க்க வேண்டும். தொடக்க நிலை மாற்றத்தைப் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்காமலே சரிசெய்யலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இது தேவை.

மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து வாருங்கள். பெண் பணியாளர் வேண்டும், திரை வேண்டும், கூட வந்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள், நிறுத்துவோம்.