எதிர்த்து யாருமே நிற்காத தேர்தலில் தோற்ற தலைமை நீதிபதி

(திரையில்: ஒரு வாக்குச்சீட்டு. ஒரே ஒரு பெயர். பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’.)

1986 நவம்பர் 4. கலிஃபோர்னியா வாக்குச்சீட்டில் ரோஸ் பேர்ட் என்று ஒரு பெயர். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. இவர் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகத் தொடரலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் ‘இல்லை’ என்று குத்திவிட்டார்கள்.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வாஷிங்டனில் மட்டும் இல்லை. மாநிலங்களுக்கும் தனித்தனியே உண்டு. கலிஃபோர்னியாவில் ஆளுநர் நியமிப்பார், மூவர் குழு ஒப்புதல் தரும், பிறகு மக்கள் வாக்களிப்பார்கள். முழுப் பதவிக்காலம் 12 ஆண்டு.

(திரையில்: 1977.)

ஆளுநர் ஜெர்ரி பிரவுன் பேர்டைத் தலைமை நீதிபதியாக நியமித்தார். அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி அவர்தான். அதற்கு முன் நீதிபதி நாற்காலியிலேயே உட்கார்ந்ததில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசுச் சம்பளத்தில் வாதாடியவர். அப்புறம் பிரவுன் அமைச்சரவையில் வேளாண் துறையைக் கவனித்தவர். 1975இல் பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்க உரிமை தந்த சட்டத்தில் அவருக்குப் பெரும் பங்கு. பண்ணை முதலாளிகள் அதை மறக்கவே இல்லை. 1978இல் முதல் தடவை வாக்குக்கு வந்தபோது மயிரிழையில்தான் தப்பித்தார்.

ஆனால் அவரைக் கவிழ்த்தது மரண தண்டனைதான். அவர் முன் வந்த வழக்குகள் அறுபதுக்கு மேல். எல்லாவற்றிலும் தண்டனையை ரத்து செய்யச் சொன்னார். ஒன்றுவிடாமல் எல்லாமுமா என்று யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1978இல் மக்கள் வாக்கில் நிறைவேறிய மரண தண்டனைச் சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை. கொள்ளையின்போது கொலை நடந்தால், கொல்லும் நோக்கம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டுமா? வேண்டும் என்றது நீதிமன்றம், 1983இல். ஜூரியிடம், அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவிடம், அதைச் சொல்லாமல் விட்ட பழைய வழக்குகள் சரிய ஆரம்பித்தன.

இதை 30 வினாடி விளம்பரத்தில் விளக்க முடியுமா? எதிர்த்தரப்பு விளம்பரத்தில் கொலையானவர்களின் குடும்பத்தினர் வந்து பேசினார்கள். அத்தோடு வாதம் முடிந்தது. குரூஸ் ரெய்னோசோ, ஜோசப் கிரோடின் என்ற இரு நீதிபதிகளும் அதே நாளில் பதவியிழந்தார்கள்.

காலியான மூன்று இடங்களையும் நிரப்பியவர் ஆளுநர் ஜார்ஜ் டியூக்மேஜியன். மாநில செனட்டராக இருந்தபோது, 1978 சட்டத்துக்கு முந்தைய 1977ஆம் ஆண்டின் மரண தண்டனைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். கொலையைத் தானே நேரடியாகச் செய்தவர் விஷயத்தில் கொல்லும் நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று 1987இல் புதிய நீதிமன்றம் மாற்றிக்கொண்டது.

(திரையில்: ஒரு ஜெராக்ஸ் மெஷின்.)

பேர்ட் அதற்குப் பிறகு எந்த நீதிமன்றத்திலும் நீதிபதியாக உட்காரவில்லை. ஏழைகளுக்கான சட்ட உதவி அலுவலகம் ஒன்றுக்குத் தொண்டு செய்யப் போனார். வந்திருப்பது யாரென்று அங்கே தெரியவில்லை. ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக்கொடுத்தார். 1999 டிசம்பரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்.