கேஸ் எடுத்த பிறகு ஸ்லரியில சத்து இருக்குமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க. சோழவந்தான் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "சாப்பாட்டு மிச்சத்தை பயோகேஸ் தொட்டியில போட்டு, கேஸா எடுத்து அடுப்பும் எரிச்சிடுறீங்க. அப்புறம் வெளிய வர்ற ஸ்லரியில, அந்தக் கரைசல்ல, என்ன இருக்கப் போகுது? சக்கைதானே? அதைப் போயி வாழைக்கு ஊத்தச் சொல்றீங்க?"

அக்கா, ரெண்டு நாளா இந்தக் கேள்வி மண்டையிலேயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. கேஸ் எவ்வளவு வரும், சிலிண்டர் மிச்சமாகுமா, இதுதான் வழக்கமா வர்ற கேள்வி. ஸ்லரியைப் பத்திக் கேட்டது நீங்கதான்.

தொட்டியில இருந்து கேஸா வெளிய போறது என்ன? மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும். மீத்தேன் நூத்துக்கு 50ல இருந்து 65 வரைக்கும் இருக்கும், மிச்சம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. கூடவே துளியூண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு, அந்த அழுகின முட்டை நாத்தம் அதுதான். இதுல தழைச்சத்து (நைட்ரஜன்) எங்க இருக்கு? மணிச்சத்து (பாஸ்பரஸ்)? சாம்பல்சத்து (பொட்டாசியம்)? எதுவுமே கேஸாப் போகல, எல்லாம் தொட்டிக்குள்ளயேதான் கிடக்கு. நம்ம வீடியோ பாக்குறவங்களுக்கு இது பழைய பாட்டுதான், இருந்தாலும் திரும்பச் சொல்றேன்: கேஸ்ல போறது கரிச்சத்து, பயிருக்கான சத்து ஸ்லரியில.

நம்பிக்கை வரலைன்னா எடை போட்டுப் பாருங்க. 10 கிலோ சமையல் கழிவு போட்டா சுமாரா 1 கன மீட்டர் கேஸ் வரும். அந்தக் கேஸோட எடையே ஒண்ணே கால் கிலோவைத் தாண்டாது. மிச்ச எட்டே முக்கால் கிலோ எங்க போச்சு? உள்ளதான் இருக்கு. அந்த 1 கன மீட்டர் அரைக் கிலோ சிலிண்டர் கேஸுக்குக் கொஞ்சம் கம்மி, ரெண்டு மணி நேரம் ஒரு அடுப்பு எரியும். இதே 10 கிலோ சாணம் போட்டா அதுல பாதிகூட வராது. மாடு தின்னு, அதுக்கு வேண்டியதை எடுத்துக்கிட்ட மிச்சம்தானே சாணம்?

இன்னொண்ணு, உள்ள இருக்க தழைச்சத்துல பெரும்பங்கு அம்மோனியமா மாறிடும். பயிர் உடனே எடுத்துக்கும், யூரியா மாதிரி வேகம். ஆனா அதுலயே ஒரு வில்லங்கமும் இருக்கு. வெயில்ல பரப்பிக் காயவச்சா அந்தத் தழைச்சத்து அம்மோனியாவாக் காத்துல போயிடும். சித்திரை வெயில்ல நம்மூர்ல கேக்கவே வேணாம். நிறையப் பேரு அள்ளுறதுக்கு வசதின்னு காயவச்சு மூட்டை கட்டுறாங்க. அப்ப அக்கா சொன்னது பாதி உண்மையாயிடுது. தண்ணி கலந்து, சாயங்காலமா, ஈரமா இருக்க மண்ணுல ஊத்தி மேல மண்ணை இழுத்து விடுங்க.

இப்ப, நீங்க கேக்காத ஒண்ணு. ஸ்லரி போறதுக்கு இடம் இருக்கா?

மதுரை டவுனுக்குள்ள மெஸ் வச்சிருக்க ஒரு அண்ணன் ஆசையா தொட்டி போட்டாரு. ஒரு முகூர்த்த நாள் மறுநாள், சோறு, பரோட்டா மாவு, சால்னா எல்லாத்தையும் ஒரேயடியாக் கொட்டிட்டாரு. கேஸ் வருது, பத்த வச்சா எரிய மாட்டேங்குது. உள்ள ரெண்டு நுண்ணுயிரிக் கூட்டம் வேலை செய்யுது பாருங்க. ஒண்ணு சாப்பாட்டைப் புளிக்க வைக்கும், ஒண்ணு அந்தப் புளிப்பைத் தின்னு மீத்தேனாக்கும். முதல் கூட்டம் வேகம், ரெண்டாவது மெதுவு. அளவு மீறிப் போட்டா புளிப்பு ஏறி ரெண்டாவது கூட்டம் படுத்துடும், மீத்தேன் கொறைஞ்சிடும், அதான் எரியல. தீனியை நிறுத்திட்டு, சாணத்தைக் கரைச்சு ஊத்துனாரு, கொஞ்ச நாள்ல சரியாயிடுச்சு. அது பெரிய பிரச்சினையே இல்ல.

பெரிய பிரச்சினை அதுக்கப்புறம்தான். 100 கிலோ கழிவுக்கு 100 லிட்டர் தண்ணி கலந்தா, தினம் ஒரு பேரல் ஸ்லரி வெளிய வருது. டவுனுக்குள்ள எங்க ஊத்துறது? கடைசியில சாக்கடைக்குத்தான் போச்சு. அத்தனை சத்தும்! ஸ்லரியில நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல தண்ணி. அதை வண்டி வச்சு வாடிப்பட்டி பக்கத்துத் தோட்டங்களுக்கு ஏத்தினா டீசல் காசுக்குக் கட்டாது. வடிகட்டின தண்ணியையே திரும்பக் கரைக்கப் பயன்படுத்தலாம், ஆனா ரொம்ப நாள் அதையே சுத்தவிட்டா அம்மோனியாவும் உப்பும் ஏறிடும்.

அதனால என்னைக் கேட்டா, கழிவைத் தோட்டத்துக்குக் கொண்டு போங்க, ஸ்லரியை இல்ல. தோட்டத்து ஓரமாத் தொட்டி இருந்தா வாய்க்கால் வழியாவே மல்லிக்கும் வாழைக்கும் போயிடும். ஊரு வெயிலும் நமக்குத் தோது, 35 டிகிரி பக்கம்தான் அந்த நுண்ணுயிரிங்க நல்லா வேலை செய்யும். பிளாஸ்டிக் கவர் கலக்காமப் பிரிச்சுக் குடுக்கணும், அவ்வளவுதான். வெள்ளைக்கல் குப்பைக் கிடங்குக்குப் போய் மக்குனாலும் அதே மீத்தேன்தான் வரும், அங்க யாருக்கும் அடுப்பு எரியாது.

அக்கா, உங்களுக்கு வாழை பக்கத்துலயே இருக்கு, தாராளமா ஊத்துங்க. ஹோட்டல் கழிவு வாங்கிப் போட்டா உப்பு கொஞ்சம் கூட இருக்கும். கிணத்துத் தண்ணி ஏற்கெனவே உப்பா இருந்தா அளவைக் குறைச்சுக்கோங்க.

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி, ஜூஸ் கடை எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் போடலாமான்னு கேக்குறாரு. கொஞ்சம்னா பரவாயில்ல தம்பி, மூட்டையாக் கொட்டிடாதீங்க. தோல்ல இருக்க எண்ணெய் அந்த நுண்ணுயிரிகளுக்கு ஆகாது.