இலைப் படம் போட்ட பொருட்கள்

(ஊர் நுகர்வோர் மன்றத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, மன்றத்து நண்பர்களே, வணக்கம்.

கூட்டம் தொடங்குமுன் வாசலில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். நானும் வாங்கிக் குடித்தேன். குவளையின் பக்கவாட்டில் ஓர் இலைப் படமும், அதன் கீழே ‘இயற்கைக்கு உகந்தது’ என்ற வரியும் அச்சாகியிருந்தன. செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் பேச வந்ததே அந்த வரியைப் பற்றித்தான் என்பதால், குடித்த குவளையைக் கூடையில் போடாமல் மேடைக்கே கொண்டுவந்துவிட்டேன்.

இதே போன்ற குவளை ஒன்றை நேற்றிரவு வீட்டில் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் எடுத்தபோது காகிதம் கூழாகி விரலோடு உரிந்து வந்தது. உரித்து முடித்தபின் மிஞ்சியது இதோ இந்த மெல்லிய படலம். முன்வரிசையில் இருப்பவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். இழுத்தால் நீளும், வெளிச்சத்தில் பிடித்தால் குவளையின் அடிவட்டம்கூட அப்படியே தெரியும். டீக்கடையில் கேட்டால் ‘மெழுகுங்க’ என்பார்கள். மெழுகாக இருந்தால் கொதிக்கும் தேநீரை ஊற்றியதும் உருகி மேலே மிதந்திருக்கும். இது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், நாம் தடை செய்த பால் நிறப் பைகளின் நெருங்கிய உறவு. காகிதத்தில் தண்ணீர் நிற்காது என்பதால் உள்ளே இப்படி ஒரு தோல் தேவைப்படுகிறது.

கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய குவளைகளில் 85 முதல் 90 டிகிரி வெப்பமுள்ள நீரை 100 மில்லிலிட்டர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வைத்துப் பார்த்ததில், சுமார் 25,000 நுண்நெகிழித் துகள்கள் அதில் கலந்திருந்ததை 2020ஆம் ஆண்டளவில் வெளியிட்டார்கள். உடலுக்கு அது என்ன செய்யும் என்பது மருத்துவர்கள் பேச வேண்டிய விஷயம்; நான் அதற்குள் போகவில்லை. என் கேள்வி சிறியது. இந்தக் குவளையைப் பழைய பேப்பர்க் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் ஒட்டிய காகிதம் என்று ஒதுக்குவார். பிளாஸ்டிக் வாங்குகிறவரோ காகிதம் ஒட்டிய பிளாஸ்டிக் என்று ஒதுக்குவார். தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டுக்கும் காசு உண்டு. ஒட்டி வைத்ததால் இரண்டும் குப்பை. ஒரு பொருள் மறுசுழற்சிக்குப் போகுமா போகாதா என்பதை அட்டையில் இருக்கும் இலையைவிட அந்தக் கடைத் தராசு சரியாகச் சொல்லிவிடும்.

தமிழ்நாடு அரசு 2018இல் ஆணையிட்டு, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தபோது இந்தப் பூச்சுக் குவளைகளையும் பட்டியலில் சேர்த்தது. குவளை உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 அக்டோபரில் குவளைகள் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்குப் பின்னும் குவளை நம் வாசலுக்கு வந்திருக்கிறது என்பதை இங்கே எல்லோரும் குடித்தே நிரூபித்துவிட்டோம்.

அதே வழக்கில் இன்னொரு பொருளும் இருந்தது. ஜவுளிக்கடையிலும் இனிப்புக்கடையிலும் ‘துணிப்பை’ என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்தப் பை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரு பையை எடுத்து உற்றுப் பாருங்கள். பாவும் இல்லை, ஊடும் இல்லை. சிறு சிறு புள்ளிகளாக அழுத்திய தடம் மட்டும் இருக்கும். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, இழையாகப் பீய்ச்சி, சூட்டில் அழுத்தி ஒட்டவைத்த தாள் அது. ஓரத்தில் ஒரு நூலளவு கிழித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள்: சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி நூலாக இருந்தால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகி ஊதினால் பறக்கும். மாடியில் மறந்துவிட்ட அந்தப் பையை ஒரு கோடைக்குப் பிறகு தூக்கினால் கை பட்ட இடமெல்லாம் உதிர்வதைப் பார்த்துவிட்டு, மக்கிவிட்டது என்று மகிழ்கிறவர்கள் உண்டு. மக்கவில்லை, வெயிலில் நொறுங்கி, பொறுக்கவே முடியாத அளவுக்குச் சிறிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பைகளின் தடையை மட்டும் மறுபடி பரிசீலிக்குமாறு நீதிமன்றம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் சொன்னது. தடித்த பை பலமுறை பயன்படும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பையைப் பிளாஸ்டிக் பை என்று சொல்லி விற்கட்டும். துணி என்று ஏன் சொல்ல வேண்டும்?

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் தோளில் மாட்டி வந்திருக்கும் மஞ்சப்பையைச் சும்மா விட்டால் அது நேர்மையாகாது. பருத்திக்கு நிலம் வேண்டும், தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், பிறகு நூற்பாலைக்கு மின்சாரம் வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் கடைப் பைகளை ஒப்பிட்டுக் கணக்குப் போட்டது. புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால் ஒரு சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றும், ஓசோன் படலம் முதலான எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 முறை என்றும் கணக்கு வந்தது. வாரம் ஒருமுறை கடைக்குப் போகிறவருக்கு 7,100 முறை என்பது 136 ஆண்டுகள். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக்கே நல்லது என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: அது பயன்படுத்திய பையெல்லாம் ஒழுங்காகச் சேர்ந்து எரியுலைக்குப் போகிற நாட்டில் போட்ட கணக்கு. சாக்கடையை அடைக்கிற பையும், மாட்டின் வயிற்றுக்குள் போகிற பையும், பெருங்குடிக் குப்பைமேட்டிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் பறக்கிற பையும் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே இரண்டு பக்கத்தையும் நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. என் பை எட்டு வருடமாக உழைக்கிறது; அதனால் எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு கிடைத்து, பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும் இருபது மஞ்சப்பைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு பொருள் எதனால் ஆனது என்பதை மட்டும் பெரிய எழுத்தில் சொல்லிவிட்டு, அது எத்தனை முறை பயன்படும், கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்லாமல் விடுகிற எந்த வரியையும், அது பருத்தியின் மீதே இருந்தாலும், நான் பாதிக்கு மேல் நம்புவதில்லை.

சில வரிகள் உண்மையாக இருந்தும் ஒன்றும் சொல்லாதவை. வாசனைத் தெளிப்பான் புட்டியில் ‘சி.எஃப்.சி. இல்லாதது’ என்று பெருமையாகப் போடுகிறார்கள். ஓசோனைக் கெடுக்கும் அந்த வாயுக்களின் உற்பத்தியும் பயன்பாடும் மாண்ட்ரீல் உடன்படிக்கைப்படி இந்தியாவில் 2010ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்துவிட்டன. சட்டம் விலக்கிய ஒன்றைச் சேர்க்கவில்லை என்பதற்குப் பாராட்டுப் பத்திரம் கேட்பது, நான் இன்று யாருடைய பணப்பையையும் எடுக்கவில்லை என்று சொல்லிக் கைதட்டல் கேட்பதைப் போன்றது.

அரசு பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களுக்கு அரசு தரும், மண்பானைச் சின்னம் கொண்ட ‘ஈகோமார்க்’ முத்திரை 1991இலேயே வந்தது. ஆனால் கடையில் அந்தப் பானையைக் கண்டவர்கள் கை தூக்குங்கள் என்றால் இங்கே எத்தனை கை எழும் என்று எனக்குச் சந்தேகம்தான். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் நமக்கு அதிகம் உதவும். ‘பசுமை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் போடக் கூடாது என்றும், அந்த விவரத்தை விளம்பரத்திலோ கியூஆர் குறியீட்டின் வழியாகவோ வாங்குகிறவருக்குத் தர வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. மீறுகிறவர்களைப் பற்றி 1915 என்ற நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் முறையிடலாம். ஆக, கேட்பது இப்போது நம் உரிமை.

நானும் கேட்டுப் பார்த்தேன். ஒரு கடையில் காய்கறி போட்டுக் கொடுத்த மெல்லிய பையில் ‘நூறு விழுக்காடு மக்கும்’ என்று அச்சிட்டிருந்தது. கொல்லையில் முருங்கைத் தழையும் காய்கறித் தோலும் போடும் குழியில் அதைப் புதைத்தேன். எட்டு மாதம் கழித்துக் கிளறியபோது தழையெல்லாம் கறுப்பு மண்ணாகியிருந்தது. பை மட்டும் மூலைகளில் கிழிந்து, ‘மக்கும்’ என்ற சொல் வாசிக்கும்படி அப்படியே கிடந்தது. அச்சிட்டவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். இத்தகைய பைகளுக்கான ஐ.எஸ். 17088 என்ற இந்தியத் தர விதி, பெரிய உரக்கூடங்களில் 60 டிகிரியை நெருங்கும் சூட்டில் நடக்கும் மக்குதலைப் பற்றியது. என் வீட்டுக் குழி ஒரு நாளும் அந்தச் சூட்டைத் தொடாது. அப்படிப்பட்ட உரக்கூடம் நம் ஊரில் இல்லை. அந்தப் பை மக்குவதற்கு இங்கே இடமே இல்லாதபோது, மக்கும் என்ற சொல்லை இங்கே அச்சிட்டு விற்கிறார்கள்.

மக்கும் பை விற்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும் என்பது விதி. எண் என்ன என்று கேட்டுப் பையின் மீதிருந்த முகவரிக்கு எழுதினேன். இயற்கையின் மீது எனக்குள்ள அக்கறையைப் பாராட்டியும், அடுத்த முறை வாங்கினால் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு என்றும் பதில் வந்தது. எண் வரவில்லை. இரண்டாவது கடிதத்தை எழுதி இந்த மஞ்சப்பைக்குள் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போட வேண்டும். நன்றி, வணக்கம்.